வெப்ஸ்டர் என்ற பெயருக்குள் ஒரு நெசவுகாரி

வெப்ஸ்டர் என்றவுடன் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது அகராதிதான். 1828 இல் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி ஒன்றை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் பெயர் அது. ஊரிலுள்ள சொற்களுக்கெல்லாம் வேர் தேடிய அந்த மனிதரின் சொந்தப் பெயருக்கும் ஒரு வேர் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் ஒரு தறி வரும். தறியில் இருப்பது ஒரு பெண்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். பழைய இங்கிலாந்தில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பெயர்தான். 1066 இல் நோர்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகு வில்லியம், ஜோன், ரொபர்ட் என்று ஒருசில பெயர்களே திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. ஒரு கிராமத்தில் பத்து ஜோன் இருந்தால் வரி எழுத வருகிறவர் பாவம் என்ன செய்வார்? கொல்லன் ஜோன், ஆற்றங்கரை ஜோன், ரொபர்ட்டின் மகன் ஜோன் என்று பிரித்து எழுதினார். ஆரம்பத்தில் இது அந்த ஆளோடு முடிந்துபோகிற பட்டம். 1400 அளவில் பெரும்பாலான குடும்பங்களில் பரம்பரைப் பெயராக இறுகிவிட்டது. பேரன் இரும்பையே தொடாவிட்டாலும் அவன் ஸ்மித்தான்.

இந்தத் தொழிற்பெயர்களில் சில சோடியாக வருவதைக் கவனியுங்கள். பாண் சுடுகிறவருக்கு பேக்கர், பக்ஸ்டர். ஏல் என்ற மதுவைக் காய்ச்சுகிறவருக்கு ப்ரூவர், ப்ரூஸ்டர். சாயம் போடுகிறவருக்கு டையர், டெக்ஸ்டர். நெய்கிறவருக்கு வெப், வெப்ஸ்டர். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர்?

விடை அந்த 'ஸ்டர்' என்ற வாலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது பெண்பால் விகுதி. நாங்கள் பாடகன், பாடகி என்று சொல்வதைப் போலத்தான். நெய்கிற ஆண் 'வெப்பா', நெய்கிற பெண் 'வெப்பெஸ்ட்ரே'.

அப்படியென்றால் இன்றைக்கு இருக்கிற ஒவ்வொரு வெப்ஸ்டருக்கும் மூதாதை ஒரு நெசவுகாரியா? அப்படிச் சொல்ல ஏலாது. பரம்பரைப் பெயர்கள் உருவான காலத்தில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும், ஸ்கொட்லாந்திலும் இந்த விகுதியை ஆண்களுக்கும் போட்டார்கள். தெற்கில்தான் அது கனகாலம் பெண்ணுக்குரியதாக நின்றது. ஆனால் ஆண்கள் வந்து சேர்ந்தபோதும் பெண்பால் சொல்லே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டதென்றால், அந்த வேலைகளில் பெண்களின் கை எவ்வளவு ஓங்கியிருந்திருக்கும்? நாங்கள் இதை அப்படித்தான் வாசிக்கிறோம்.

பிறகு அந்தக் கைகளுக்கு என்ன நடந்தது? முதலில் நெசவு. சுவரோடு சாய்த்து வைத்து, பாவு நூலில் கல் கட்டித் தொங்கவிட்ட நிமிர்ந்த தறியில் வீட்டுப் பெண்கள் நெய்தார்கள். 11 ஆம், 12 ஆம் நூற்றாண்டுகளில் காலால் மிதித்து இயக்கும் கிடைத்தறி ஐரோப்பாவில் பரவியது. வேகம் கூடியது, துணி நீண்டது, நெசவு நகரத்துப் பட்டறைக்குப் போனது. பட்டறையை ஆண்களின் தொழிற்சங்கங்கள் ஆண்டன. 1461 இல் பிரிஸ்டல் நகரம் ஒரு கட்டளை போட்டது: நெசவாளர்கள் தங்கள் மனைவியையோ மகளையோ வேலைக்காரப் பெண்ணையோ தறியில் இருத்தக்கூடாது. சொன்ன காரணம், அரசனுக்காகப் போருக்குப் போகக்கூடிய ஆண்கள் வேலையில்லாமல் அலைகிறார்கள் என்பது. பெண்ணுக்கு நெய்யத் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்ததுதான் பிரச்சினை!

ஏல் கதையும் இதேதான். ஏல் சில நாளிலேயே புளித்துவிடும். அதனால் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி, மிஞ்சியதை அயலுக்கு விற்பார்கள். பெண்களுக்குக் கையில் காசு தந்த வேலை அது. 14 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டுக் காய்ச்சும் பியர் கடல் கடந்து வந்தது. பியர் கனநாள் பழுதாகாது, தூரத்துக்கும் அனுப்பலாம். ஆனால் பெரிய பாத்திரம், முதல், கடன் எல்லாம் வேண்டும். அவை ஆண்களிடம் இருந்தன. 1540 இல் செஸ்டர் நகரம் 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் ஏல் கடை நடத்துவதையே தடைசெய்தது.

வேலை போன பிறகு சொல்லும் மாறியது. 'ஸ்டர்' பெண்பால் என்பதே மறந்துபோனதால், தையற்காரியைக் குறித்த 'சீம்ஸ்டர்' போதாமல் அதன் மேல் இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டி 'சீம்ஸ்ட்ரெஸ்' ஆக்கினார்கள். நூல் நூற்பவளான 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் பெண்ணிடமே நின்றது. ஆனால் என்ன அர்த்தத்தில்? 17 ஆம் நூற்றாண்டிலிருந்து சட்டத்தில் அது கலியாணம் கட்டாதவள் என்று பொருள்பட்டது. ஒரு தொழிலின் பெயர், புருஷன் இல்லாத குறையின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல் எடுபட்டதே 2005 இல்தான்.

வெப்ஸ்டரும் பக்ஸ்டரும் ப்ரூஸ்டரும் தகப்பனிடமிருந்து மகனுக்கென்று ஆண் வழியாகவே கைமாறி வந்தன. மகள் கலியாணம் கட்டினால் புருஷன் வீட்டுப் பெயருக்குப் போய்விடுவாள். ஆக, பெண்ணின் வேலையைச் சொல்லும் ஒரு சொல்லை அறுநூறு வருடம் ஆண்கள் சுமந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே.

தொழிற்சங்கப் பதிவேடுகளிலும் நகரசபைக் கட்டளைகளிலும் பெண்கள் அதிகம் தட்டுப்படுவது தடுக்கப்படும்போதும் தண்டம் கட்டும்போதும்தான். நெய்த துணி உக்கிவிட்டது, காய்ச்சிய ஏலைக் குடித்துவிட்டார்கள். சொல்லின் வால் மட்டும் மிஞ்சியது. இனி எங்கேயாவது ஒரு வெப்ஸ்டரைக் கண்டால், அகராதிக்கு முதல் அந்தத் தறியையும் ஒருக்கால் நினைப்போம்.