சியாச்சின் பனிச்சரிவு (2016)
மதராஸ் ரெஜிமெண்ட் 1758ஆம் ஆண்டு முதலான மரபுடையது. 1781இல் சிதம்பரம் கோயிற்கோட்டைத் தாக்குதலிலும் 1783இல் கடலூர் முற்றுகையிலும் மதராஸ் சிப்பாய்கள் ஆங்கிலேயர் தரப்பில் போரிட்டனர். கடலோரச் சமவெளியில் வளர்ந்த இப்படையின் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர், 2016இல் சியாச்சின் பனியாற்றில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் காவல் இருந்தனர். பிப்ரவரி 3 அன்று பெரும் பனிச்சுவர் சரிந்து அவர்களின் கூடாரத்தை மூடியது.

பாறை துளைக்கும் கருவிகள், மோப்ப நாய்கள் கொண்டு மீட்புப் படையினர் தேடினர். ஆறாம் நாளில் கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டார்; பிப்ரவரி 11இல் தில்லி இராணுவ மருத்துவமனையில் காலமானார். பத்துப் பேரில் எவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர்.

பனிக்காலணியும் கம்பளி உடையும் குளிரைத் தடுக்கும். சரியும் பனியின் எடையைத் தடுக்க மாட்டா. எனவே மலையில் முகாமிடும் இடத்தைத் தேர்வதே முதல் பாதுகாப்பு ஆகும்.