விளக்கொளியில் உருகாத ஐஸ்கிரீம்

ஐஸ்கிரீமைப் படம் பிடிப்போருக்குப் பெரும்பகை விளக்கின் வெம்மையே. கோணம் பார்த்து, ஒளியைத் திருத்தி முடிப்பதற்குள் கிண்ணத்தில் எஞ்சுவது வெறும் பாற்குழம்பு. ஆதலின் அவர்கள் போலி ஒன்றைச் செய்துகொண்டனர். வனஸ்பதியையும் மக்காச்சோளப் பாகையும் குழைத்து, பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைவர். கரண்டியால் வழிக்கும்போது உருண்டையின் ஓரம் பிசிறு பிசிறாக வரவேண்டும். கண்ணை ஏமாற்றுவது அந்தப் பிசிறுதான். இதினும் எளிய போலி, மசித்த உருளைக்கிழங்கு.

அந்த உருளைக்கிழங்கைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது என்றால் மாணவர்கள் நகைக்கக்கூடும். வழக்கு என்னவோ சவரக் குழைவைப் பற்றியது. 1959ஆம் ஆண்டில் கோல்கேட்-பாமோலிவ் நிறுவனம் தன் 'ராப்பிட் ஷேவ்' குழைவைத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. உப்புத்தாளின்மீது குழைவைப் பூசியதும், ஒரே வழிப்பில் மணல் முழுதும் அகன்றது! உண்மையில் அத்தகைய தாள் ஏறத்தாழ 80 நிமிடம் ஊறினாலன்றி மழிக்க இயலாது. திரையில் தோன்றியது உப்புத்தாளும் அன்று. மணல் ஒட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை.

நடுவணரசின் வணிக ஆணையம் 1961இல் இதற்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ ஓர் ஐயம் எழுப்பிற்று: ஐஸ்கிரீமைப் புகழ்ந்துகொண்டே உருளைக்கிழங்கைக் காட்டும் விளம்பரத்திற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

1965 ஏப்ரல் 5 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் விடை பகர்ந்தார். ஐஸ்கிரீம் சுவையானது என்று விற்பவர் சொல்கிறார்; கிழங்கு அச்சொல்லுக்குச் சான்றாக நிற்கவில்லை. பலகையோ, 'நீங்களே கண்ணால் காணுங்கள்' என்று சான்றாக நிறுத்தப்பட்டது. அதே கிழங்கைக் காட்டி, 'இந்த ஐஸ்கிரீமின் செழுமையையும் நிறத்தையும் பாருங்கள்' என்று அழைத்தால் அதுவும் பலகைக்கு நிகரே என்றார். குற்றம் பொருளில் இல்லை, அதைக் கொண்டு செய்யும் வேலையில் இருக்கிறது என்னும் இப்பகுப்பு எனக்கு உடன்பாடே.

ஆயினும் சில ஆண்டுகளில் இதனினும் சிக்கலான வழக்கொன்று வந்தது. காம்பெல் நிறுவனத்தின் சூப்பில் காய்கறித் துண்டுகள் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். படத்தில் அவை மேலே தெரியவேண்டி, சூப்புக்கு அடியில் கண்ணாடிக் கோலிகளை இட்டனர். சூப்பு உண்மையானது, காயும் உண்மையானது, பொய் என்று சுட்ட ஒரு துளியும் அதில் இல்லை. ஆனாலும் பார்ப்பவர் காய் மிகுதி என்றே நம்புவார். முழுப்போலியான கிழங்கு குற்றமற்றது. முழுதும் மெய்யான சூப்பு குற்றமுடையது! 1970இல் ஆணையத்தின் ஆணைக்கு நிறுவனம் உடன்பட்டது.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் சிலர் இவ்வழக்கில் இடம் கேட்டனர். தம் சங்கத்திற்கு அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சூப்' என்றே வரும். இனிச் செய்யாதே என்பது போதாது, முன் செய்ததை நிறுவனமே விளம்பரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆணையம் அதனை அன்று ஏற்கவில்லை. மறு ஆண்டே, ரொட்டி விளம்பரம் ஒன்றில், அத்தகைய திருத்த விளம்பரத்திற்கு அதே ஆணையம் வகைசெய்தது.