வாயிலில் ஒரு பரவளையம்

குழாய்க்குள் ஓடும் நீர் நடுவில் விரைந்து செல்லும். சுவரை ஒட்டிய படலமோ அசையாமல் நிற்கும். இந்த ஓட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்த, நீர் எந்த வாயில் வழியே என்ன வேகத்தில் நுழைகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொல்வதற்கு எல்லை நிபந்தனை என்று பெயர். வாயில் முழுவதற்கும் ஒரே வேகம் என்றால் ஓர் எண் போதும். இடத்துக்கு இடம் மாறும் வேகம் என்றால் ஒரு சூத்திரமே வேண்டும். அந்தச் சூத்திரத்தை எங்கே எழுதுவது என்ற கேள்விக்குப் பாய்ம மென்பொருள்கள் நாற்பது ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் தந்திருக்கின்றன.

சூத்திரம் கணினியைவிட மிகப் பழையது. பிரெஞ்சு மருத்துவர் பாய்சுவே, இரத்த ஓட்டத்தின் மேலிருந்த அக்கறையால், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்து 1840களில் முடிவுகளை வெளியிட்டார். சுவரில் வேகம் சுழி என்று கொண்டு ஸ்டோக்ஸின் சமன்பாட்டைத் தீர்த்தால் வேகம் பரவளையமாக அமைகிறது. வட்டக் குழாயில் உச்ச வேகம் சராசரியைப் போல 2 மடங்கு. இணையான இரு தகடுகளுக்கு நடுவே 1.5 மடங்கு. வாயிலில் சீரான வேகத்தைக் கொடுத்தாலும் நீர் சிறிது தூரம் ஓடித் தானே இந்த உருவத்துக்கு வந்துவிடும். அந்தச் 'சிறிது தூரம்' ஏமாற்றக்கூடியது. கொந்தளிப்பில்லாத அடுக்கு ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் (நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) 1000 என்றால் அது குழாய் விட்டத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு. நினைவகம் குறைந்த காலத்தில் அவ்வளவு நீளத்துக்குக் கணக்கிடும் கட்டங்களை அடுக்குவது வீண்செலவு. பரவளையத்தை வாயிலிலேயே வைத்துவிடுவது மலிவாக முடிந்தது.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபிரான்சிஸ் ஹார்லோவின் குழு 1950களின் பிற்பகுதியில் பாய்மங்களை உருவகப்படுத்தும் வேலையைத் தொடங்கியபோது, சூத்திரத்தை எங்கே எழுதுவது என்பது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. நிரலை எழுதியவரும் பயன்படுத்தியவரும் ஒருவரே. எல்லையில் என்ன வேண்டுமோ அதை நிரலுக்குள்ளேயே எழுதிக்கொண்டார். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் அதே நிலைதான். அங்கே பிரையன் ஸ்பால்டிங்கும் புனேயில் பிறந்த சுஹாஸ் பதங்கரும் 1972இல் வெளியிட்ட 'சிம்பிள்' முறை இன்றைய பல மென்பொருள்களுக்கு அடித்தளம். ஆனால் ஸ்பால்டிங் 1974இல் நிறுவனம் தொடங்கி, 1981இல் 'ஃபீனிக்ஸ்' என்ற பொதுப்பயன் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. வாங்குபவர் கையில் மூல நிரலைத் தர முடியாது. அவருக்கு வேண்டிய வேகச் சூத்திரம் என்னவென்று நிரல் எழுதியவருக்கும் தெரியாது.

ஃபீனிக்ஸ் கண்ட தீர்வு, பெயர்களிலேயே ஒரு சிறு பிரபஞ்சம். உள்ளீட்டைப் படிப்பது 'சாட்டிலைட்', கணக்கைச் செய்வது 'எர்த்', பயனர் தன் ஃபோர்ட்ரான் வரிகளை எழுதிச் சேர்க்கும் இடம் 'கிரவுண்ட்'. உள்ளீட்டுக் கோப்பில் 'பேட்ச்' என்ற கட்டளை எல்லையின் பகுதியைக் குறிக்கும். 'கோவால்' என்ற கட்டளை அதற்கு ஒரு கெழுவையும் ஒரு மதிப்பையும் கொடுக்கும். மதிப்பின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு குறிச்சொல்லை இட்டால், கணக்கு நடக்கும்போது எர்த் கிரவுண்டை அழைத்து எண்ணைக் கேட்டு வாங்கும். அடைத்து விற்கப்பட்ட பெட்டியில் வாங்குபவருக்காகத் திறந்துவிட்ட சன்னல் அது. 1983இல் வந்த 'ஃப்ளூயன்ட்' பின்னாளில் இதே சன்னலை சி மொழியில் வைத்தது: வாயில் பிரிக்கப்பட்டுள்ள ஒவ்வொரு சிறு முகத்தின் மையத்தையும் பெற்று அதற்கான வேகத்தைத் திருப்பித் தரும் சிறு நிரல். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குப் புள்ளிகளும் வேகங்களும் அடங்கிய அட்டவணைக் கோப்பு இருந்தது. 'சிஎஃப்எக்ஸ்' இன்னொரு வழியில் போய், கணிதக் கோவையை நேரடியாக எழுதும் தனி மொழியையே உருவாக்கிக்கொண்டது.

வாயில் உருவத்தின் அருமையை அழுத்தமாக உணர்த்தியவர்கள் காற்றுப் பொறியாளர்கள். தரைக்கு மேல் காற்றின் வேகம் உயரத்தின் மடக்கையைப் பின்பற்றி ஏறுகிறது. ஆனால் வேகத்தை மட்டும் சரியாகக் கொடுத்துவிட்டுக் கொந்தளிப்பின் அளவுகளை ஊகித்து நிரப்பினால், கட்டடத்தைச் சென்றடையும் முன்பே காற்றின் உருவம் சிதைந்துவிடும். ரிச்சர்ட்ஸும் ஹாக்ஸியும் 1993இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு தொகுதியைத் தந்தது: வேகம் மடக்கையாக ஏற வேண்டும், கொந்தளிப்பு ஆற்றல் உயரத்தால் மாறக் கூடாது, அது சிதையும் வீதம் உயரத்துக்கு எதிர்விகிதமாகக் குறைய வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பல மென்பொருள்களில் இன்றும் காற்று வாயிலுக்கு இதுவே வழக்கம்.

வெவ்வேறு நிரல்களை ஒப்பிடவும் ஒரே வாயில் தேவைப்பட்டது. ஷேஃபரும் டூரெக்கும் 1996இல் வெளியிட்ட உருளைச் சோதனையில் 0.41 மீட்டர் உயரக் கால்வாய், 0.1 மீட்டர் விட்ட உருளை, வாயிலில் பரவளையம். உச்ச வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் 20, 1.5 மீட்டர் என்றால் 100. உருளையின் மையம் கால்வாயின் நடுக்கோட்டில் இல்லை, 5 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. சமச்சீர் குலைய அந்த நகர்வே போதும்.

2004இல் 'ஓப்பன்ஃபோம்' என்ற பாய்ம மென்பொருள் திறந்த மூலமாக வெளிவந்தபோது பூட்டிய பெட்டியே இல்லாமல் போனது. எல்லை நிபந்தனையும் ஒரு சி++ வகுப்புதான், யாரும் புதிதாக எழுதிச் சேர்க்கலாம். விந்தை என்னவென்றால், சி++ அறியாதவர்கள் பழைய சிக்கலுக்கே திரும்பினார்கள். கோப்பில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேகம் என்று ஆயிரக்கணக்கான வரிகளை வேறு நிரலால் அச்சிட்டு ஒட்டினார்கள். கட்டங்களின் வலையான கண்ணியை மாற்றியதும் பட்டியல் குப்பைக்குப் போகும். பெர்ன்ஹார்ட் க்ஷைடர் உருவாக்கிய 'க்ரூவிபிசி' இதற்கு முடிவு கட்டியது: சூத்திரத்தை உள்ளீட்டுக் கோப்பிலேயே எழுதலாம். 2011இல், கோப்பிலுள்ள சி++ துண்டை ஓட்டத்தின்போதே தொகுத்துக்கொள்ளும் வசதி வந்தது. க்ஷைடரின் கோவை முறை 2019 டிசம்பர் பதிப்பில் ஓப்பன்ஃபோமுக்குள்ளேயே இடம்பெற்றது.

சூத்திரம் எந்த இடத்தில் எழுதப்பட்டாலும் ஒரு சிறு பிசகு தொடர்கிறது. நிரல் அதை முகத்தின் மையத்தில் மட்டும் மதிப்பிட்டு முகம் முழுவதற்கும் அதையே வைக்கிறது. குவிந்த பரவளையத்தில் இது உண்மையைவிடக் கூடுதல் நீரை உள்ளே விடும்: தகடுகளுக்கு நடுவே 5 சம முகங்கள் என்றால் 2 விழுக்காடு, 10 என்றால் 0.5, 20 என்றால் 0.125. கவனமுள்ளவர்கள் எல்லா முகங்களின் பாய்வையும் கூட்டி, வேண்டிய பாய்வை அதால் வகுத்து, கிடைக்கும் ஈவால் சூத்திரத்தைப் பெருக்கிவிடுகிறார்கள்.