பங்கும் முன்பணமும்: சேதுக் கடற்கரையில் கூலி நிர்ணயமான வரலாறு

தேவிபட்டினத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றிவர. அதே கரையில் வல்லங்கள் வந்து சேரும்போது வேறொரு கணக்கு நடக்கிறது. மீன் ஏலம் போன தொகையில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் பங்கு போக, ஏறிப்போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஓர் ஊருக்குள் எளிதில் அசையாது. ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறும் என்பது பொருளியலின் பாலபாடம். விகிதமே அசையாத இடத்தில் அந்த ஏற்றம் எங்கே போகிறது? முன்பணத்துக்குப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பங்கு முறை இக்கரைக்குப் பழையது. 1903 முதல் 1905 வரை இலங்கை அரசு மரிச்சுக்கட்டியில் நடத்திய முத்துக்குளிப்புகளில் கீழக்கரை முஸ்லிம்களும் கடலில் இறங்கினர். கரையிலிருந்த வேலி அடைப்புக்குள் சிப்பி வந்ததும், குளித்தவர்களே அதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி சொல்வார். மீதி ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் தங்களுக்கு வரும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகப் பிரிப்பதே அவர்களுக்கு நல்லது. தம் பங்கை அடைப்புக்கு வெளியே காத்திருந்த கூட்டத்திடம் அப்போதே விற்றுக் காசாக்கினார்கள். சிப்பிக்குள் முத்து இருக்குமா என்ற சூதாட்டம் வாங்கியவர் தலையில். நட்ட அபாயத்தைப் பகிர்ந்துகொண்டே உழைக்கும் ஆர்வத்தையும் காக்கும் ஏற்பாடு என்று 1974இல் பொருளியலாளர் ஸ்டிக்லிட்ஸ் குத்தகைப் பங்கு பற்றி விளக்கியது, இந்த அடைப்புக்குள் நடைமுறையாகவே இருந்தது.

முன்பணத்தின் கதை வேறு வழியாக வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கிய பின், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமைத் தாண்டித்தான் போனார்கள். ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டத்துக்குப் போய்ச் சேருமுன்பே கடனாகிவிடும். அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் புதிய துரை அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். ஆட்களுக்குப் போட்டி கூடியபோது நாட்கூலியைவிடத் துண்டிலிருந்த தொகையே வேகமாக ஏறியது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. இந்தியாவிலோ அப்படியொரு சட்டம் 1948இல்தான் வந்தது. கடல் கடந்து போன கூலியாளுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, ஊரில் தங்கியவருக்கு இரண்டு தலைமுறைத் தொலைவில் இல்லாவிட்டாலும் இருபது ஆண்டுத் தொலைவில் இருந்தது.

அறுபதுகளுக்குப் பின் விசைப்படகு பெருகியபோது இரண்டு மரபும் ஒரே படகில் ஏறின. கணக்கு பங்கில், பிடிப்பு முன்பணத்தில். படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் வாங்கிய தொகையைத் தீர்க்காமல் அடுத்த படகுக்குப் போக முடியாது. அதைத் தீர்க்க அடுத்த சம்மாட்டி முன்வர வேண்டும். பெயர்தான் துண்டு இல்லை. சம்மாட்டியும் வியாபாரியிடம் கைநீட்டியவராகவே பெரும்பாலும் இருப்பார். அதனால் மீன் அந்த வியாபாரிக்கே போகும், விலையும் அவர் சொல்வதை ஒட்டியே படியும். கடலில் இறங்கியவனின் கூலி, அவன் பார்த்தேயிராத ஒரு கடனால் ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இதை முழுக்கக் கொத்தடிமைத்தனம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. பாடு இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைப்பதும் இதே பணம். கேரளப் படகுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆட்கள் போகத் தொடங்கினால், கரையில் மிஞ்சும் திறமையான ஆள் கேட்கும் முன்பணம் கூடும். பேரம் பேச அவருக்குள்ள ஒரே இடம் அதுதான். ஆனால் ஏறியது கூலியல்ல, திருப்பித் தர வேண்டிய தொகை. வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்கும் பெண்களுக்கு இந்தப் பேரமும் இல்லை. அவர்கள் பங்குக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

சட்டம் இந்தக் கணக்கைத் தொட்டது குறைவு. பங்கில் வேலை செய்வோருக்குப் பங்கின் அளவும் அதைக் கணக்கிடும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு 188ஆம் உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்கவில்லை.

கடலுக்குப் போகும் நாட்களோ சுருங்கியிருக்கின்றன. ராமேசுவரம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டுமே. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஓர் ஆளுக்கான கூலி 319 ரூபாய். இடையில் விழும் பள்ளத்தைச் சம்மாட்டியின் பணம் நிரப்புகிறது. ஜூன் 15 அதிகாலையில் எந்தப் படகில் யார் ஏறுவார் என்பது ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.