கணினி அறிவு குறித்த ஆருடங்கள்

கணினி மனித அறிவை எட்டும் காலத்தை முன்கூட்டியே குறித்துச் சொல்லும் வழக்கம், செயற்கை நுண்ணறிவு என்று துறைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியைக் கொண்டு ஆங்கிலமாக்கிக் காட்டின. அதற்குத் தெரிந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் மட்டுமே. வாக்கியங்களும் அதற்கேற்பப் பொறுக்கி எடுத்தவை. ஆனாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முக்கியத் துறைகளில் இயந்திர மொழிபெயர்ப்பு கைகூடிவிடலாம் என்றார் அந்தச் சோதனையை முன்னின்று நடத்திய ஜார்ஜ்டவுன் மொழியியலாளர் லியோன் டோஸ்டர்ட். 1966இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று கணக்குப் பார்த்தபோது, இயந்திரம் மனிதரைவிட மெதுவாகவும், பிழை மலியவும், கூடுதல் செலவிலும் மொழிபெயர்ப்பது தெரிந்தது. அரசு நிதி வற்றியது.

இந்த வரிசையில் மிகவும் பேசப்பட்டது அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமனின் ஆருடம். அவரும் ஆலன் நியூவெல்லும் கிளிஃப் ஷாவும் உருவாக்கிய ‘லாஜிக் தியரிஸ்ட்’ நிரல், ஒயிட்ஹெட்டும் ரஸ்ஸலும் எழுதிய கணிதத் தர்க்க நூலான ‘பிரின்சிபியா மேத்தமேட்டிகா’வின் இரண்டாம் அத்தியாயத்து முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவியிருந்தது. அந்தச் சூட்டோடு 1957 நவம்பரில் பிட்ஸ்பர்கில் பேசிய சைமன், பத்தே ஆண்டுகளில் கணினி உலகச் சதுரங்க சாம்பியன் ஆகும், முக்கியமான புதிய தேற்றம் ஒன்றைக் கண்டுபிடித்து நிறுவும், ரசிக்கத்தக்க இசையும் அமைக்கும் என்றார். 1965இல் இன்னும் ஒரு படி ஏறி, மனிதர் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளில் இயந்திரம் செய்யும் என எழுதினார். மனிதரின் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்று பொருளியலாளர்களுக்குப் பாடம் எடுத்தவரும் இவரேதான்! முடிவெடுக்கும் முறை பற்றிய அந்த ஆய்வுகளுக்காக 1978இல் நோபல் பரிசும் பெற்றார்.

அதே 1978இல் சதுரங்க ஆருடத்துக்கும் ஒரு கணக்கு தீர்ந்தது. பத்தாண்டுக்குள் எந்த நிரலும் தன்னைச் சதுரங்கத்தில் வெல்லாது என்று ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டேவிட் லெவி 1968இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களான ஜான் மெக்கார்த்தியிடமும் டொனால்ட் மிச்சியிடமும் பந்தயம் கட்டியிருந்தார். டொராண்டோவில் ‘செஸ் 4.7’ நிரலைத் தோற்கடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

இந்த ஆருடங்கள் பொய்த்ததற்கு வேர், மனிதருக்குக் கடினமானதே இயந்திரத்துக்கும் கடினம் என்ற அனுமானம். தேற்றமே வசப்பட்டபின் முகம் அறிவதும் முட்டாமல் நடப்பதும் எம்மாத்திரம் என்று நினைத்தார்கள். குழந்தைக்கு இயல்பாக வரும் அந்தத் திறன்களே இயந்திரத்துக்கு எட்டாக்கனியாயின. 1988இல் ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் இதைத் தெளிவாக எழுதினார். இன்னொரு வேரும் இருந்தது: சிறு மாதிரியில் ஓடிய நிரல் பெரிய சிக்கலில் திணறுவதற்கு, ஆராய வேண்டிய வழிகள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே காரணம் என்று 1973இல் பிரிட்டனின் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில்லின் அறிக்கை சுட்டியது.

எள்ளியவர்களும் தப்பவில்லை. பத்து வயதுச் சிறுவனிடம் தோற்ற சதுரங்க நிரலைக் கிண்டலடித்த தத்துவவாதி ஹூபர்ட் டிரைஃபஸ், 1967இல் ‘மேக் ஹேக்’ நிரலிடம் தானே தோற்றார். சைமன் பத்தாண்டில் எதிர்பார்த்த சதுரங்க வெற்றி, 1997 மே மாதம் ‘டீப் புளூ’ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றபோது, நாற்பதாம் ஆண்டில் வந்தது. அப்போது வானியற்பியலாளர் பீட் ஹட், ‘கோ’ ஆட்டத்தில் கணினி மனிதரை வெல்ல நூறாண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார். 2016 மார்ச்சில், சியோலில், ‘ஆல்ஃபாகோ’ நிரல் முன்னணி ‘கோ’ ஆட்டக்காரர் லீ செடோலை 4–1 என்று வென்றது.