மே 11-ம் தேதி வந்த கடிதம்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாச்சு. பழைய கம்பெனியில பேப்பரும் போட்டாச்சு. சேர ரெண்டு வாரம் இருக்கும்போது, "மன்னிக்கவும், இப்போதைக்கு ஆள் தேவையில்லை"ன்னு ஒரு மெயில். 2008 பொருளாதாரச் சரிவுலயும் இது நடந்தது, 2022-லயும் நடந்தது. "இப்படிப் பண்ண முடியுமா?"ங்கிற கேள்வி மட்டும் ரொம்பப் பழசு. 1853-லயே இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கு.

வழக்கோட பேர் ஹாக்ஸ்டர் எதிர் டி லா டூர். ஹாக்ஸ்டர் ஒரு கூரியர். பார்சல் கொண்டு வர்றவர் இல்லீங்க :-) ஐரோப்பா சுத்திப் பார்க்கப் போற பணக்காரங்க கூடவே போய், பயண ஏற்பாடுகளைக் கவனிச்சுக்கிற ஆளுக்கு அப்போ அதுதான் பேர். 1852 ஏப்ரல்ல டி லா டூர் இவரை வேலைக்குப் பேசினார். ஜூன் 1 முதல் மூணு மாசம், மாசம் 10 பவுண்டு சம்பளம்.

மே 11-ம் தேதி டி லா டூர்கிட்டேயிருந்து கடிதம்: மனசு மாறிடுச்சு, நீ வேண்டாம். நஷ்டஈடும் கிடையாதுன்னுட்டார். ஹாக்ஸ்டர் மே 22-லயே வழக்கு போட்டுட்டார். அப்புறம் ஆஷ்பர்ட்டன் பிரபுகிட்ட அதே அளவு நல்ல வேலை கிடைச்சது. ஆனா அது ஜூலை 4-ல்தான் ஆரம்பம். நடுவுல ஒரு மாசத்துக்கு மேல வருமானம் இல்லை.

முதலாளி தரப்பு வாதம் கெட்டிக்காரத்தனமானது. "வேலையே ஜூன் 1-ல்தானே? அதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தை மீறிட்டேன்னு எப்படிச் சொல்லலாம்? அதுவரை அவர் தயாரா காத்திருக்கணும்." அதாவது, வேற வேலைக்குப் போனா வழக்கு போச்சு, போகாம காத்திருந்தா வயிறு காயும்!

தலைமை நீதிபதி கேம்ப்பெல் பிரபு இதை ஏத்துக்கலை. வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே மீறல் நடந்தாச்சு. தொழிலாளி உடனே வேற வேலை தேடலாம், உடனே வழக்கும் போடலாம். அதனால நஷ்டமும் குறையும், ரெண்டு பேருக்கும் நல்லது. தீர்ப்பு ஹாக்ஸ்டருக்குச் சாதகம்.

நம்ம ஊர்ல 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 39-வது பிரிவுக்குள்ளேயும் இதே கருத்துதான் இருக்கு. ஒருத்தர் ஒப்பந்தத்தை நிறைவேத்த மாட்டேன்னு முழுசா மறுத்துட்டா, மத்தவர் அதை முடிச்சுக்கலாம். 73-வது பிரிவு நஷ்டஈடு பத்தினது. நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்ததுன்னும் அதுல பார்ப்பாங்க.

அப்போ முதலாளி சட்டப்படி பின்வாங்கவே முடியாதா? முடியும். 5-வது பிரிவுப்படி, எதிராளி சம்மதக் கடிதத்தைத் தபால்ல போடுறதுக்கு முன்னாடி நம்ம மறுப்பு அவருக்குத் தெரிஞ்சிடணும். சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனைன்னு முன்கூட்டியே நிபந்தனை போட்டிருந்து, அது நிறைவேறலைன்னாலும் பின்வாங்கலாம். இதையெல்லாம் தாண்டிட்டா, சொன்ன சொல்லுக்கு விலை உண்டு. தனியார் வேலையில "இவரைச் சேர்த்தே ஆகணும்"னு கோர்ட் பொதுவா கட்டாயப்படுத்தாது, நஷ்டஈடுதான். நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம்னு ஷரத்து இருந்தா, அதுவும் பெரும்பாலும் அந்த நோட்டீஸ் காலச் சம்பளத்தோட நின்னுடும். பழைய வேலையை விட்டுட்டு வந்தவருக்கு அது எந்த மூலைக்கு?

இன்னொண்ணு மக்களே, இது ஒருவழிப் பாதை இல்லை. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு, பெரிய கம்பெனி கூப்பிட்டதும் சொல்லாமக் கொள்ளாம நின்னுடுறவங்களுக்கும் இதே சட்டம்தான்.

மனசு மாறுறது மனுஷ இயல்பு. மாறினா உடனே சொல்லிடுறது நல்லது. ஹாக்ஸ்டருக்கு மே 11-லயே தெரிஞ்சதாலதான் ஜூலை 4-ல ஒரு வேலையாவது கிடைச்சது. மே 31 ராத்திரி சொல்லியிருந்தா?