கண்ணின் உள்ளழற்சி: காரணம் தேடிய இரு நூற்றாண்டுகள்

முன்னுரை

கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லிவிட்டு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடுகிறது. ஆனால் விழியின் உட்படலங்களில் எழும் அழற்சி அவ்வளவு எளிதில் விட்டுப்போவதில்லை. யுவைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்நோய், குடும்பத்தைத் தாங்கும் உழைக்கும் வயதினரையே மிகுதியாகப் பிடிக்கிறது. ஒருமுறை வந்து போனாலும் மீண்டும் மீண்டும் வரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் பார்வையையே கொண்டுபோய்விடும்.

இந்நோய்க்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு மருத்துவம் கடந்த இரு நூற்றாண்டுகளில் தந்த விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. அவ்வாறு பார்க்கும்போது ஒரு போக்கு தெளிவாகிறது. ஒவ்வொரு காலத்து மருத்துவமும் தனக்கு நன்கு பழகிய நோயின் தலையிலேயே பழியைச் சுமத்தியது. எடுத்த திசுவை முன்முடிவின்றிப் பார்த்தபோதும், நோயாளி எந்த ஊர், என்ன வேலை, எந்த நீரில் இறங்கினார் என்று விசாரித்தபோதும்தான் உண்மையான காரணங்கள் வெளிப்பட்டன. தமிழகத்தில் நடந்த மூன்று ஆய்வுகள் இதற்கு வலுவான சான்றுகள்.

நோயின் இயல்பும் அறிகுறிகளும்

விழியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே வெண்படலமும் கார்னியாவும், உள்ளே விழித்திரை, இரண்டுக்கும் நடுவே யுவியா. ஐரிஸ், சிலியரி உறுப்பு, கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே யுவியா. கண்ணிலேயே இரத்த ஓட்டம் மிகுந்த பகுதி இதுதான். எனவே இரத்தத்தில் வரும் கிருமியும் நோயெதிர்ப்பு அணுக்களும் இங்கே எளிதில் தங்கிவிடுகின்றன.

முன்பகுதியில் அழற்சி வந்தால் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், நீர் வடிதல், கருவிழியைச் சுற்றிய சிவப்பு ஆகியவை தோன்றும், கண்மணி சுருங்கியிருக்கும். மெட்ராஸ் ஐ-யில் வருவதுபோல் பீளை கட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் வந்தால் வலியும் சிவப்பும் இல்லாமலே போகலாம். ‘கண் முன்னே பூச்சி பறக்கிறது’, ‘புகை மூட்டமாகத் தெரிகிறது’ என்று மட்டுமே நோயாளி சொல்வார். மூட்டழற்சி உள்ள சிறு பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. கண் வெள்ளையாகவே இருக்கும், பிள்ளையும் எதுவும் சொல்லாது, உள்ளே அழற்சி நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அப்பிள்ளைகளுக்கு, குறை ஏதும் தெரியாதபோதும், குறித்த இடைவெளியில் கண் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

அழற்சி கண்ணின் எந்தப் பகுதியில் உள்ளது என்பதை வைத்து வகைப்படுத்தும் முறை 1987-இல் பன்னாட்டு அளவில் வகுக்கப்பட்டது. அதைச் செம்மைப்படுத்திய பொது வரையறைகள் 2005-இல் வெளிவந்தன. வெவ்வேறு நாட்டு மருத்துவர்கள் தம் நோயாளிகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட அதன் பிறகே வழி பிறந்தது.

கருவிகள் திறந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணின் முகப்பு மட்டுமே. அந்நிலையிலும் கிளாஸ்கோவின் வில்லியம் மெக்கன்சி, 1830-இல் வெளியிட்ட தம் கண்நோய் நூலில், ஒரு கண்ணில் காயம் பட்டபின் நலமாயிருந்த மறு கண்ணும் அழற்சியுற்றுக் குருடாவதை விரித்து எழுதினார். பிரெய்லி எழுத்து முறையைத் தந்த லூயி பிரெய்லியின் வாழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. 1809-இல் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய ஊசியால் ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரு கண்களும் பார்வையை இழந்தன. மெக்கன்சி விவரித்த நோயே அது என்பது பிற்கால மருத்துவர்கள் பலரின் கருத்து.

1851-இல் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப்பை அறிமுகப்படுத்தியதும், உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர் முதன்முறையாகக் கண்டார். 1911-இல் சுவீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் ஸ்லிட் லாம்ப்பின் முன்னோடிக் கருவியைக் காட்டினார். இன்று எந்தக் கண் மருத்துவமனையிலும் தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்காரச் சொல்வது இதன் முன்தான். மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று கார்னியாவைக் கடந்து கண்ணின் முன்னறைக்குள் விழுகிறது. நலமான கண்ணில் அந்த இடம் கருமையாக, வெறுமையாகத் தெரியும். அழற்சியுள்ள கண்ணிலோ, திரையரங்கில் புரொஜெக்டர் ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசிபோல, வெள்ளணுக்கள் மெல்ல ஏறி இறங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த புரதத்தால் அந்த ஒளிக்கீற்றே மங்கலாகத் தெரியும். அந்த அணுக்களை எண்ணித் தரம் பிரித்தே இன்றும் நோயின் கடுமையை அளக்கிறார்கள்.

பழி சுமந்த நோய்கள்

கருவிகள் வந்தபின் அழற்சி தெளிவாகத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்தார். சிபிலிஸ் கிருமி 1905-இல் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவெங்கும் இவ்விரு நோய்களும் பரவிக் கிடந்த காலம் அது. ஆகவே, காரணம் விளங்காத உள்ளழற்சி எதுவாயினும் இவ்விரண்டில் ஒன்றின் கணக்கில் எழுதப்பட்டது. தோலில் போட்ட காசநோய்ச் சோதனை தடித்தால் கண்ணில் உள்ளதும் காசநோயே என்று முடிவு செய்தனர். மக்களில் பெரும்பாலோர் எப்போதோ அக்கிருமியைச் சந்தித்தவர்கள் என்பதால் சோதனை பலருக்கும் தடிக்கவே செய்யும் என்பதை எடைபோடவில்லை.

இந்த நம்பிக்கையை அசைத்தவர் அமெரிக்க இராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலனர் கேம்ப்பெல் வைல்டர். நோயால் அகற்றப்பட்ட கண்களின் திசுக்களைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் பணி. புற்றுக்கட்டி என்று ஐயுற்று எடுக்கப்பட்டவை உட்படக் குழந்தைகளின் கண்கள் பலவற்றில் உருளைப்புழு லார்வாக்கள் இருந்ததை 1950-இல் அவர் வெளிப்படுத்தினார். 1952-இல், காசநோய், சிபிலிஸ் முதலியவையாகக் கருதப்பட்டு வந்த 53 கண்களின் விழித்திரையில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருப்பதைக் காட்டினார். அந்த ஒட்டுண்ணியைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் அவரல்லர். 1908-இலேயே அது அறியப்பட்டிருந்தது. 1923-இல் பிராகாவில் யோசஃப் யாங்கு ஒரு குழந்தையின் விழித்திரையில் அதைப் பார்த்திருந்தார். ஆனால் பெரியவர்களின் கண்நோய்க்கும் அது காரணம் என்பது யார் மனதிலும் இல்லை. அதுவரை எத்தனையோ பேர் பார்த்துக் கடந்த திசுக்களை, முன்முடிவை ஒதுக்கிவைத்து மறுபடி பார்த்ததே வைல்டரின் சாதனை.

உடலே பகையாகும்போது

கிருமி எதுவும் கிடைக்காத நோயாளிகளும் பலர் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆந்தோன் எல்ஷ்னிக், காயமுற்ற கண்ணிலிருந்து வெளிப்படும் திசுவைப் பகையாகக் கருதி உடல் மறு கண்ணையும் தாக்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். கண்ணோடு தோலும் காதும் மூளையுறையும் சேர்ந்து பாதிக்கப்படும் நோயை ஃபோக்ட் 1906-இலும், ஹராடா 1926-இலும், கோயனாகி 1929-இலும் தனித்தனியே பதிவு செய்தனர். இன்று அது மூவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1937-இல் இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலுசி பெச்செட், வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று காட்டினார். 1973-இல், HLA-பி27 என்று இன்று குறிக்கப்படும் மரபுக் கூறுக்கும் திடீரென வரும் முன்பகுதி அழற்சிக்கும் உள்ள உறவு லண்டனில் உறுதியாயிற்று. இதே கூறு முதுகெலும்பு அழற்சியோடும் தொடர்புடையது என்பதால், காலையில் எழுந்ததும் முதுகு விறைக்கிறதா என்று கண் மருத்துவர் கேட்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

கண்ணுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. பார்வை கெடாதிருக்க, உடலின் எதிர்ப்பாற்றல் கண்ணுக்குள் அடக்கியே வைக்கப்படுகிறது. இதனால் கிருமி அங்கே ஒளிந்து வாழவும் இடமுண்டு. 2014-இல் சியரா லியோனில் எபோலா தொற்றிய மருத்துவர் இயன் குரோசியர், இரத்தத்தில் வைரஸ் நீங்கிக் குணமாகி வீடு திரும்பியபின் கடும் யுவைட்டிஸுக்கு ஆளானார். அவர் கண்ணிலிருந்து எடுத்த நீரில் எபோலா வைரஸ் உயிரோடு இருந்தது; நீலமாயிருந்த அவரது ஐரிஸ் பச்சையாக மாறியது. உடல் தேறிய பிறகும் கண்ணைத் தனியே கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழக நீரும் கண்ணும்

1993-இன் பிற்பகுதியில் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் யுவைட்டிஸ் நோயாளிகள் வந்தனர். பலருக்குக் கண்ணின் எல்லாப் பகுதிகளிலும் அழற்சி. சிலருக்கு முன்னறையில் சீழ் படிந்திருந்தது. விழித்திரைக் குழாய்களும் வீங்கியிருந்தன. எஸ்.ஆர். ரத்தினம், பி. நம்பெருமாள்சாமி உள்ளிட்ட மருத்துவர்கள் 73 நோயாளிகளை ஆராய்ந்து, அது எலிக் காய்ச்சலின் பின்விளைவு என்று 1997-இல் வெளியிட்டனர். மறு ஆண்டு வெளிவந்த ஆய்வு, கண்ணின் உள்நீரிலேயே எலிக் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியின் மரபுப் பொருள் இருப்பதைக் காட்டியது.

இதற்கு முன் இது ஏன் தவறவிடப்பட்டது? எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் வெறுங்காலோடு நடக்கும்போது, கால் வெடிப்பின் வழியே கிருமி உடலுக்குள் போகிறது. வருகிற காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுகின்றன. கண்ணில் நோய் தலைகாட்டுவது வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத்தான். எப்போதோ வந்துபோன காய்ச்சலை இப்போதைய கண்நோயோடு சேர்த்துப் பார்க்க நோயாளிக்குத் தோன்றாது. மருத்துவர் கேட்டால்தான் வெளிவரும். குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சிக்கு இதே கிருமி காரணம் என்பதைக் கால்நடை மருத்துவம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறிந்திருந்தது என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

இரண்டாம் சான்று கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. கண்ணின் முன்னறையில் வெள்ளை முடிச்சோடு வந்த பிள்ளைகள் பலரும் ஊர்க் குளத்தில் குளிப்பவர்களாக இருந்தனர். அந்த முடிச்சுகளில் தட்டைப்புழுவின் தடயம் இருக்கலாம் என்று மதுரை மருத்துவர்கள் 2002-இல் அறிவித்தனர். முன்பு இவையும் காசநோய் முடிச்சுகளாகவே கருதப்பட்டிருக்கக் கூடியவை. 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, குளத்து நத்தைகளில் வளரும் புரோசெரோவம் வேரியம் என்னும் தட்டைப்புழுவே அது என்று இனங்கண்டது. கண்ணில் எடுத்த சிறு முடிச்சும் குளத்தில் பொறுக்கிய நத்தையும் ஒரே ஆய்வில் சந்தித்தன.

மூன்றாவது கோயம்புத்தூர். 2004-இல் அங்கே டாக்சோபிளாஸ்மா கண்நோய் திடீரெனப் பெருகியது. 248 நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. நோயாளிகளின் வசிப்பிடங்களைக் கொண்டு பார்த்தபோது, நகரின் குடிநீர் மாசுபட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது.

வெள்ளச் சேறு, ஊர்க்குளம், குழாய்நீர் என்று மூன்றிலும் வழியாகத் தென்பட்டது நீரே. மேலைநாட்டுப் பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இவற்றில் எதுவும் வெளிச்சத்துக்கு வந்திராது. அதற்காகக் காசநோயை மறந்துவிடவும் முடியாது. இந்தியாவில் அது இன்றும் உள்ளழற்சிக்கு உண்மையான காரணங்களுள் ஒன்று. பழைய பழிசுமத்தலைக் கைவிடுவது எவ்வளவு தேவையோ, உரிய இடத்தில் அதை நினைவில் வைப்பதும் அவ்வளவு தேவை.

சிகிச்சையும் பின்விளைவுகளும்

1948-இல் பிலிப் ஹெஞ்ச் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பயன் கண்டார். ஓரிரு ஆண்டுகளில் அது கண்ணுக்கும் வந்தது. யுவைட்டிஸ் மருத்துவமே புது வடிவம் பெற்றது. ஆனால் கார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு அழற்சியை அடக்குமே தவிர, அதற்கான காரணத்தைத் தேடாது. உள்ளே உயிருள்ள கிருமி இருக்க, அதற்குரிய மருந்தின்றி ஸ்டீராய்டு மட்டும் போட்டால் நோய் பெருகும். நெடுநாள் போட்டால் கண்புரையும் குளுக்கோமாவும் வரக்கூடும். இதனால் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மாற்று மருந்துகளை மருத்துவம் தேடியது. 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்தது. 2016-இல் அடலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட்டை விட மைக்கோஃபெனோலேட் மேலானதா என்று 216 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில் மதுரை, கோவை அரவிந்த் மையங்கள் பெரும்பங்கு வகித்தன. மேலானதன்று என்று 2019-இல் வந்த முடிவு, ஏழை நோயாளிகளுக்கு நேரடிப் பயன் தருவது.

அடக்கப்படாத அழற்சி விட்டுச்செல்லும் சேதங்கள் பல. ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கண்மணி கோணலாகும்; உள்நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும்; லென்ஸ் புரையோடும்; விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்துப் படிக்கும் பார்வை மங்கும்; விழித்திரை விலகவும் கூடும்; கடைசியில் விழியே சுருங்கிப் போகலாம். ஐரிஸ் ஒட்டாமல் தடுக்கவே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை முதல் நாளிலேயே தருகிறார்கள். அதைப் போட்டால் பார்வை மங்குகிறது என்று நோயாளிகள் நடுவில் நிறுத்திவிடுவது பெரும் இழப்பில் முடிகிறது.

முடிவுரை

மெக்கன்சி தொடங்கி மதுரை ஆய்வுகள் வரையிலான இவ்வரலாற்றில் கருவியும் மருந்தும் முன்னேறியது உண்மை. ஆயினும் காரணத்தைக் கண்டறிந்த திருப்புமுனைகள் பலவும், பழகிய விடையை ஏற்க மறுத்த ஒருவரின் கேள்வியிலிருந்தே பிறந்தன. அக்கேள்விக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வயலில் இறங்கினீர்களா, சென்ற மழையில் காய்ச்சல் வந்ததா, பிள்ளை எங்கே குளிக்கிறது, முதுகு வலிக்கிறதா என்று ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கேட்டால் போதும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவுகளில் அந்த ஐந்து நிமிடத்தைக் காப்பாற்றித் தருவது மருத்துவ நிர்வாகத்தின் கடமை.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பீளை இல்லாமல் சிவந்து வலிக்கும் கண்ணுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டைப் போடக் கூடாது. கண் மருத்துவரிடம் போகும்போது பழைய காய்ச்சலையும் மூட்டுவலியையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்த பின் எலிக் காய்ச்சலைக் கணக்கெடுக்கும் பொது சுகாதாரத் துறை, அடுத்த ஆறு மாதங்களுக்கு அவ்வூர்களின் கண்நோய்க் கணக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். 1994-இல் மதுரை மருத்துவர்கள் தம் விழிப்பால் கண்டதை, இனி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் தவறாமல் காணும் ஏற்பாடாக மாற்றுவதே அந்த ஆய்வுக்குச் செய்யும் சரியான மரியாதை.